ஏரியை அடகு வைக்க முடியுமா?

போன வாரம் மங்கலம்பேட்டை டீக்கடையில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் அடித்துச் சொன்னார்: "அலைக்கற்றை கையில இருக்கிற கம்பெனிக்குக் கடன் குடுத்தா பணம் எங்கயும் போகாது சார். அது தங்கம் மாதிரி." சுற்றியிருந்தவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

என்ன தங்கம்? நகைக்கடன் கட்டாவிட்டால் வங்கி நகையை ஏலம் விடும். அலைக்கற்றையோ, செல்போன் சிக்னல் போகும் காற்றலையைப் பயன்படுத்த அரசு 20 ஆண்டுக்குக் கொடுக்கும் உரிமை. காற்றலை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. ஊர் ஏரியில் மீன்பாசி குத்தகை எடுத்தவர் மீனைப் பிடிக்கலாம். ஏரியை அடகு வைக்க முடியுமா?

ஏர்செல் செல்போன் கம்பெனியைப் பாருங்கள். 1999இல் தமிழ்நாட்டில் தொடங்கியது. 2018 பிப்ரவரியில் மாநிலம் முழுக்க சிக்னல் போய், நம்பரை மாற்றிக்கொள்ள ஜனங்கள் அல்லாடினார்கள். அந்த மாதக் கடைசியில் திவால் மனு. கடன் சுமார் 15,500 கோடி ரூபாய். கம்பெனியும் தொலைத்தொடர்புத் துறையும் வங்கிகளும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட முத்தரப்பு ஒப்பந்தத்தை நம்பிய வங்கிகள் அலைக்கற்றையை விற்றுத் தேறலாம் என்று பார்த்தன. அரசு, "முதலில் என் பாக்கி" என்றது. 2021 ஏப்ரல் 13இல் திவால் வழக்கின் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னதும் அதைத்தான்: அலைக்கற்றை கம்பெனியின் சொத்தாகவே இருக்கட்டும், அரசு பாக்கியைத் தீர்க்காமல் அதைப் பயன்படுத்த முடியாது. மீன்பாசி ஏலத்தில் பாக்கி வைத்தவனுக்கு ஊரில் என்ன நியாயமோ அதே நியாயம்தான். இதைப் புரிந்துகொள்ள வங்கிகளுக்கு ஏர்செல் மூழ்க வேண்டியிருந்தது. அதற்கும் முன்னால், 2012 பிப்ரவரி 2இல் 122 தொலைத்தொடர்பு உரிமங்கள் உச்ச நீதிமன்றத்தின் ஒரே தீர்ப்பில் ரத்தானபோதே விழித்திருக்க வேண்டாமா?

சிறிய ஆளிடம் வங்கி எப்படி நடந்துகொள்கிறது என்றும் பாருங்கள். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் என் நண்பர் வாடகை ஷெட்டில் ஃபியூஸ் கேரியர் செய்கிறார். சூளையிலிருந்து இறக்கிய வெள்ளைச் சரக்கு சுவரோரம் இடுப்பளவு அடுக்கிக் கிடக்கிறது. ஆர்டர் கையில் இருக்கிறது. மண் வாங்க இரண்டு லட்சம் கேட்டு ஒரு வங்கிக்கு அவரோடு நானும் போனேன். மேலாளர் வாடகை ஒப்பந்தத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இடம் உங்க பேர்ல இல்லியே, பட்டா கொண்டாங்க" என்று திருப்பித் தந்துவிட்டார்.

வாடகை இடம் ஈடாகாது என்பது அந்த மேலாளருக்குத் தெரிந்திருக்கிறது. ஏர்செல்லுக்குக் கோடிகளை அள்ளிக் கொடுத்தவர்களுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? டீக்கடையில் அதிகாரியிடம் இதைத்தான் கேட்டேன். அவர் கிளாஸை வைத்துவிட்டு, "அது பெரிய கம்பெனி சார்" என்றார்.