குடுவை காய்ந்தால் செடி செத்ததாக அர்த்தமில்லை

பாடப்புத்தகத்தில் "பூச்சி தின்னும் தாவரம்" என்று படம் பார்த்ததோடு நம்மில் பலருக்கு நெப்பந்தஸ் சகவாசம் முடிந்துவிட்டது. இப்போது நர்சரியிலேயே கிடைக்கிறது. பணம் கட்டினால் கூரியரில் வாசலுக்கே வருகிறது. வந்த மூன்றாவது வாரம் குடுவைகள் ஒவ்வொன்றாகப் பழுப்பாகிச் சுருங்கும். "செத்துப்போச்சுடா" என்று குப்பையில் போட்டுவிட்டு அடுத்த செடிக்கு ஆர்டர் கொடுப்பார்கள்.

என் கட்சி இதுதான்: அப்படித் தூக்கிப் போடுகிற செடிகளில் பல சாகவேயில்லை. ஊர் மாறியதற்குப் பழகிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். மீதியைக் கொன்றது பெரும்பாலும் நம் அதீத கவனிப்பு.

கொஞ்சம் யோசியுங்கள். குடுவை என்பது பூ அல்ல, இலையின் ஒரு பகுதி. இலை நுனி கொடி மாதிரி நீண்டு, அதன் முனை ஊதிக் குடுவையாகிறது. நர்சரியின் நிழல்வலைக்குள், ஈரக்காற்றில் உருவான குடுவை அது. நம் பால்கனியின் வறண்ட காற்றுக்கு வந்ததும் செடி முதலில் கைவிடுவது அதைத்தான். காய்ந்த குடுவை மறுபடி பிழைக்காது. ஆனால் அதைத் தாங்கிய இலை பச்சையாகவே இருந்து வேலை பார்க்கும்.

ஆகவே பார்க்கவேண்டியது நடுக்குருத்தை. அது பச்சையாக இருந்து மெல்ல நீண்டால் செடி நலம். இனி வருகிற இலைதான் நம் வீட்டு வெளிச்சத்திலும் காற்றிலும் உருவாகப்போகிற இலை. முதல் ஓரிரண்டு சின்னதாக, குடுவையே இல்லாமல் வரலாம். குடுவை திரும்ப வர மாதக்கணக்கில்கூட ஆகும். ஹாஸ்டலில் சேர்ந்த முதல் மாதம் நாமெல்லாம் எப்படி இருந்தோம்? :-)

சரி, அதுவரை என்ன செய்யக்கூடாது?

1. வந்த அன்றே தொட்டி மாற்றாதீர்கள். நெப்பந்தஸ் வேர் மெல்லியது, எளிதில் அறுந்துவிடும். நிறமே கறுப்புதான். அழுகிவிட்டது என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள்.

2. உரம், சாணம், தோட்டத்து மண் வேண்டாம். சத்தில்லாத மண்ணில் பிழைக்கத்தான் இந்தச் செடி பூச்சி பிடிக்கவே கற்றுக்கொண்டது.

3. கறித்துண்டும் சோறும் போடாதீர்கள். செடிக்குச் சாப்பாடு வெளிச்சத்திலிருந்து வருகிறது. பூச்சி கொடுப்பது முக்கியமாக நைட்ரஜன். கறி போட்டால் குடுவை அழுகி நாறும்.

4. உப்பான போர் தண்ணீர் வேண்டாம். மழைத்தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். ஈரம் காயக்கூடாது, அதற்காகத் தட்டு நிறையத் தண்ணீரில் நிறுத்தியும் வைக்காதீர்கள்.

5. நேராக மொட்டைமாடி வெயிலுக்குக் கொண்டுபோகாதீர்கள். வடிகட்டிய வெளிச்சத்தில் தொடங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் காலை வெயிலுக்குப் பழக்குங்கள்.

"கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால்தான் பிழைக்கும்" என்று ஒரு கோஷ்டி உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐ.சி.யூ.வில் ஆளைச் சேர்க்கலாம், குடித்தனம் வைக்கமுடியுமா? ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பையால் செடியைத் தளர்வாக மூடி நிழலில் வையுங்கள். சில நாளுக்கொருமுறை ஓட்டையைப் பெரிதாக்கி, இரண்டு மூன்று வாரத்தில் பையை எடுத்துவிடலாம். மூடிய பையை வெயிலில் வைத்தால் மட்டும் செடி வெந்துபோகும்.

பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டு. போர்னியோவின் கினபாலு மலையில் 1,500 மீட்டருக்கு மேல் வளர்கிற நெப்பந்தஸ் ராஜாவுக்கு ராத்திரிக் குளிர் வேண்டும். அதை மே மாதச் சென்னையில் "பழக்குகிறேன்" என்பது கொடுமை. சமவெளிக்காரர்களுக்கு ரஃப்லேசியானா, ஆம்புல்லேரியா, மிராபிலிஸ் போன்ற தாழ்நில இனங்கள் இருக்கின்றன. ஓரளவு எதையும் தாங்குகிற வென்ட்ராட்டா கலப்பினமும் இருக்கிறது. படத்தைப் பார்த்து மயங்காமல், நம் ஊர் ராத்திரியை யோசித்து வாங்குங்கள்.

ஒரு செடிக்கு இத்தனை பேச்சா என்று கேட்கலாம். இந்தியாவில் இயற்கையாக வளர்கிற நெப்பந்தஸ் ஒரே ஒரு இனம்தான். மேகாலயாவின் நெப்பந்தஸ் காசியானா. அழியும் ஆபத்தில் இருக்கிற அதைக் காட்டிலிருந்து பிடுங்கி விற்பது, வாழிடம் சுருங்குவது, இரண்டுமே அதற்கு எமன். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. சர்வதேச வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்திலும் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. சட்டம் இருந்தும் கேட்க ஆள் இருக்கிறவரை பிடுங்கவும் ஆள் இருப்பான். மாதம் ஒன்று வாங்கி மாதம் ஒன்று தூக்கிப்போடுகிற பழக்கம் வளர்த்துவிடுவது அந்தச் சந்தையைத்தான். நர்சரியில் விதையிலிருந்தோ தண்டிலிருந்தோ வளர்த்த செடிதானா என்று கேட்டு வாங்குங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வாங்காதீர்கள்.

குருத்து கருகி, தண்டும் அடிவரை கறுத்துக் கொழகொழவென்று ஆகிவிட்டால் சரி, போய்விட்டது. தண்டின் அடி பச்சையாக இருந்தால் அப்போதும் பக்கக்கிளை விடலாம். காய்ந்த குடுவையைக் கத்தரித்துவிட்டு, தண்ணீர் மட்டும் பார்த்து ஊற்றி, மூன்று மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். அதற்குப் பிறகு முடிவு செய்யலாம், செத்ததா இல்லையா என்று.