உடைவதற்கென்றே ஒரு பின்

புக்கிட் தெங்கா தொழிற்பேட்டையில் பராமரிப்புப் பிரிவில் நான் சேர்ந்த புதிது. திருகு கன்வேயரின் அச்சையும் சங்கிலிச் சக்கரத்தையும் இணைக்கும் ஷியர் பின் ஒரே வாரத்தில் மூன்று முறை அறுந்தது. ஒவ்வொரு முறையும் வேலை நின்றது, மேலாளர் முறைத்தார். நான்காவது முறை, அதே அளவில் ஒரு ஹை டென்சைல் போல்ட்டைப் போட்டு முடுக்கிவிட்டேன். தொல்லை தீர்ந்தது. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

பத்தாம் நாள் கியர்பாக்ஸின் பற்கள் நொறுங்கின. கழற்றிப் பார்த்தால், தாங்கி தேய்ந்து திருகு குழாயில் உரசிக்கொண்டிருந்தது. மூத்த மெக்கானிக் அண்ணன் திட்டவில்லை. “தம்பி, அந்தப் பின் மூணு தடவை சொல்லிச்சு. நீ அது வாயை அடைச்சிட்ட,” என்றார்.

மோட்டாரில் மின் பாதுகாப்பு ரிலே இருக்கிறதே என்று கேட்கலாம். அது கம்பி சூடாவதைக் கணக்கிட்டு நிறுத்துவது. சில விநாடிகள் பிடிக்கும். சிக்கிய இயந்திரத்தில் பல் உடைய ஒரு விநாடிகூட வேண்டாம். 1.5 கிலோவாட் மோட்டார் நிமிடத்துக்கு 1,450 சுற்றில் தருவது சுமார் 10 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. வேகத்தை 50 மடங்கு குறைக்கும் கியர்பாக்ஸைத் தாண்டினால், உராய்வு இழப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால், அது ஏறக்குறைய 500 ஆகிவிடும். சிக்கும்போது அத்தனையும் பற்களின் மேல்தான் விழும்.

அதனால்தான் ஓவர்லோட் கிளட்ச். ஷியர் பின் அறுந்து காப்பாற்றும். புதிது மாட்ட வேண்டும். உராய்வுத் தட்டு வகை, அளவு மீறினால் வழுக்கும். குண்டு வகையில், குழியில் ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும் எஃகுக் குண்டுகள் வெளியே துள்ளி இணைப்பை விடுவிக்கும். தடையை நீக்கியதும் மறுபடி பூட்டலாம்.

வீட்டிலும் இது உண்டு. டிரில்லின் கழுத்திலுள்ள எண் வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். திருகாணி இறுகியதும் ‘டக்டக்’ என்று விட்டுக்கொடுப்பது இதே கிளட்ச்தான். சிறிய படகு மோட்டார்களிலும் விசிறியைக் காக்க ஷியர் பின் உண்டு.

இளம் டெக்னீஷியன்களுக்கு ஒரு வார்த்தை: கிளட்ச் அடிக்கடி வழுக்கினால் ஸ்பிரிங்கை இறுக்காதீர்கள். பின் அறுந்தால் தடித்த போல்ட்டைத் தேடாதீர்கள். தயாரிப்பாளர் சொன்ன அதே பின்னை மாட்டுங்கள். அதற்கு முன், அது ஏன் அறுந்தது என்று ஐந்து நிமிடம் பாருங்கள். அந்த ஐந்து நிமிடத்தை அன்று நான் செலவழிக்கவில்லை. ஆலை மூன்று நாள் நின்றது.