டி.வி. பார்த்தால் குழந்தையின் மூளை கெடுமா?

"பெட்டியைப் போட்டாத்தான் சோறு இறங்குது. என்ன பண்றது?"

சென்னையில் எந்தத் தெருவில் கேட்டாலும் தாய்மார்கள் சொல்லும் பதில் இதுதான்.

1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி சென்னைக்கு டெலிவிஷன் வந்தது. அப்போது சில மணி நேரம்தான் படம் தெரியும். டி.வி. இருந்த வீட்டில் தெருவே கூடிப் பார்த்தது. இன்று 24 மணி நேரமும் ஓடுகிறது. போதாக்குறைக்குக் கையில் செல்போன் வேறு!

இதனால் பச்சைக் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்குமா?

சீன மொழி சோதனை

அமெரிக்காவில் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியை பாட்ரிசியா குல் ஒரு சோதனை நடத்தினார். 2003-ல் முடிவு வெளிவந்தது.

வீட்டில் இங்கிலீஷ் மட்டுமே கேட்டு வளரும் 9 மாதக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார். ஒரு பிரிவினரிடம் சீன மொழிக்காரர்கள் நேரில் வந்து, பொம்மை காட்டி, புத்தகம் படித்துப் பேசினார்கள். மொத்தம் 12 தடவை. ஒவ்வொரு தடவையும் 25 நிமிடம். இன்னொரு பிரிவுக்கும் அதே ஆட்கள்தான், ஆனால் டி.வி.யில்!

நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழி ஒலிகளை வேறுபடுத்தி அறிந்துகொண்டன. டி.வி. பார்த்தவை? ஒன்றுமே கற்கவில்லை!

குழந்தை "ங்கா" என்றால் அம்மா சிரிக்கிறாள், திரும்பப் பேசுகிறாள். அந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் மூளை மொழியைப் பிடித்துக்கொள்கிறது என்பது குல் கருத்து. பெட்டி பேசும், பதில் சொல்லாது.

770 வார்த்தை போச்சு!

2009-ல் இன்னொரு ஆய்வு. டாக்டர் டிமிட்ரி கிறிஸ்டாகிஸ் குழுவினர், 2 மாதம் முதல் 4 வயது வரை உள்ள குழந்தைகளுக்குச் சின்ன ரிக்கார்டரை மாட்டிவிட்டார்கள். டி.வி. சத்தம் கேட்ட ஒவ்வொரு மணிக்கும், பெரியவர்கள் பேசி குழந்தை கேட்கும் வார்த்தைகளில் சுமார் 770 குறைந்தது. குழந்தையின் மழலையும் குறைந்தது.

குழந்தை பார்க்கவே வேண்டாம். தாத்தா நியூஸ் பார்க்க, பாட்டி சீரியல் பார்க்க, குழந்தை தரையில் உருண்டுகொண்டிருந்தாலும் நஷ்டம் அதற்குத்தான்.

பீதி வேண்டாம்

அதற்காக "மூளையே போச்சு" என்று அலற வேண்டியதில்லை. சின்ன வயதில் டி.வி. பார்த்தால் 7 வயதில் கவனம் சிதறும் என்று 2004-ல் கிறிஸ்டாகிஸ் குழு சொன்னது. 2010-ல் வேறு ஆய்வாளர்கள் அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். அவ்வளவு பலமான தொடர்பு தெரியவில்லை. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் நல்ல நிகழ்ச்சி பார்த்து எழுத்து, எண் கற்றதும் உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன கணக்கு: 2 வயதுக்குள் டி.வி. வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது.

அப்பா என்ன செய்கிறார்?

ஒண்டிக் குடித்தனத்தில் அடுப்பையும் பார்த்து, பிள்ளையையும் பார்க்கிறவளை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? ஆபீஸ் விட்டு, கடை அடைத்து வரும் அப்பா, முதலில் கை நீட்டுவது ரிமோட்டுக்கா, குழந்தைக்கா?

ஒரு அரை மணி நேரம் பெட்டியை நிறுத்தட்டும். பிள்ளையை மடியில் வைத்து, பஸ்சில் பார்த்த கூத்தைச் சொல்லட்டும். அதற்குக் காசும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்!