டிராக்டர் ஓட்டுபவரும் சாலைக் கோடுகளும்

தை, மாசி மாதங்களில் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லர்கள் கொள்முதல் நிலையங்களுக்கு வரிசையாகச் செல்வதைக் காணலாம். மணிக்கு 20 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும் டிராக்டர் யாரையும் முந்துவதில்லை. ஆகவே சாலை நடுவே போட்டிருக்கும் கோடுகள் பஸ், லாரி டிரைவர்களுக்கு உரியவை என்றே விவசாயிகள் பலர் கருதுகின்றனர். இது சரியல்ல. எந்த இடத்தில் பின்னால் வருபவர் முந்துவார் என்பதை அறிந்தால்தான் முன்னால் செல்பவர் தம் வண்டியையும் உயிரையும் காத்துக்கொள்ள முடியும்.

விட்டு விட்டுப் போட்ட கோடு உள்ள இடத்தில், எதிரே வண்டி வராதபோது தாண்டி முந்தலாம். தொடர்ச்சியான கோட்டைத் தாண்டி முந்தக் கூடாது. தொடர் கோடும் விட்ட கோடும் அருகருகே இருந்தால், நம் பக்கம் உள்ள கோடே நமக்குச் சட்டம். வளைவு, மேட்டின் உச்சி போன்ற இடங்களில் எதிரே வருவது தெரியாது என்பதால்தான் தொடர் கோடு போடுகிறார்கள். பெயிண்ட் அழிந்து போனாலும் அங்கே விதி அழிவதில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 20 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும் டிராக்டர், டிரெய்லரை 60 கிலோ மீட்டர் வேகத்தில் ஒரு பஸ் முந்துகிறது. இரு வண்டிகளின் நீளம், முன்னும் பின்னும் விடவேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து 60 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முந்தி முடிக்க ஏறக்குறைய ஐந்தரை விநாடி ஆகும். அதற்குள் பஸ் 90 மீட்டர் ஓடிவிடும். அதே வேகத்தில் எதிரே வரும் லாரியும் 90 மீட்டர் வந்துவிடும். ஆக, 180 மீட்டர் தூரம் சாலை காலியாகத் தெரிய வேண்டும். கரும்பை அகலமாக ஏற்றிய டிரெய்லருக்குப் பின்னால் இருப்பவருக்கு இது எங்கே தெரியப் போகிறது? தொடர் கோடு உள்ள இடத்தில் "போ, போ" என்று கையை வீசி அனுப்புவது உதவியல்ல, ஆபத்து. இடது ஓரமாகவே சென்று, அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி வழிவிடலாம். முந்தும்போது போட்டிக்கு வேகத்தைக் கூட்டுவது விதிப்படியும் குற்றம்.

எல்லாவற்றையும் விடக் கவனிக்க வேண்டியது வலப்பக்கம் வயலுக்குத் திரும்பும் நேரம். நம் சாலைகளில் ஒரு கெட்ட வழக்கம் வேரூன்றிவிட்டது. வலது இண்டிகேட்டரைப் போட்டு "முந்திக்கொள்" என்று சொல்கிறார்கள். உண்மையாகவே திரும்புவதற்காக டிராக்டர்காரர் அதைப் போட்டாலும், பின்னால் வருபவர் வழி கிடைத்ததாக எண்ணி வலப்புறம் ஏறிவிடுகிறார். வழிவிடுவதற்கு இந்த விளக்கைப் பயன்படுத்துவதை எல்லோருமே கைவிட வேண்டும். திரும்புபவர் வெகுமுன்னதாகவே சைகை காட்டி, வேகத்தைக் குறைத்து, நடுக்கோட்டை ஒட்டி வந்துவிட வேண்டும். வலது கையை நேராக நீட்டி அசைக்காமல் வைத்தால் திரும்புவதாகப் பொருள். பின்னிருந்து முன்னாக வீசினால்தான் முந்தலாம் என்று பொருள். கண்ணாடியில் பின்னால் பாராமல் ஸ்டியரிங்கை ஒடிக்கவே கூடாது.

இன்னொன்று, சாலையில் தானியம் காயவைப்பது. உளுந்தும் சோளமும் பாதிச் சாலையை அடைத்தால் கோடு மறைகிறது; வண்டிகள் எதிர்ப்பக்கம் ஏறுகின்றன. உலர்களம் இல்லாத ஊரில் விவசாயியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஊர்தோறும் களம் அமைத்துத் தருவது அரசின் கடமை. அதுவரையில் வளைவிலும் பாலத்தருகிலும் தானியம் பரப்புவதையாவது அறவே தவிர்க்க வேண்டும். காவலுக்கு வைக்கும் கல்லை இருட்டுமுன் அகற்றிவிட வேண்டும்.

டிராக்டர் பயிற்சி முகாம்களில் ரோட்டவேட்டர் மாட்டவும் ஆயில் மாற்றவும் கற்றுத் தருகிறார்கள். அதோடு ஒரு மணி நேரம் சாலைக் கோடுகளையும் கை சைகைகளையும் சொல்லித் தரலாம். டிரெய்லரைக் கொக்கியில் மாட்டும்போதே பின்விளக்கு வயரையும் மாட்டும் பழக்கம் அங்கேயே தொடங்க வேண்டும்.