பிரெஞ்சில் 98 மார்க்... ஆனா காலேஜ் சொல்லுது ‘நீங்க ஏ1’!

‘பிளேஸ்மென்ட் டெஸ்ட்’னு மெயில் வந்ததும் வேலை கிடைக்கப்போகுதுன்னு சந்தோஷப்பட்டுடாதீங்க. காலேஜ்ல சேர்ந்த முதல் வாரத்துல வேலைக்கு டெஸ்ட் வைக்க மாட்டாங்க. நீங்க எடுத்திருக்கிற வெளிநாட்டு மொழியில உங்களை எந்த வகுப்புல உட்கார வைக்கலாம்னு பார்க்கிற டெஸ்ட் இது. பாஸ், ஃபெயில் எதுவும் கிடையாது. ஆனா, பல பேருக்குக் காலேஜ் வாழ்க்கையோட முதல் அடி இங்கேதான் விழுது.

அரியூர் ஸ்டாப்பில் புதுச்சேரி பஸ்ஸுக்காக நிற்கும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த பெண். (அந்த ‘கொம்யூன்’ என்கிற வார்த்தையே பிரெஞ்சுதான். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைப்பும் முடிந்தது. பஞ்சாயத்து போர்டில் மட்டும் அந்தச் சொல் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.) பிளஸ் டூவில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தவர். நூற்றுக்கு 98. டிகிரியிலும் அதே மொழியைத் தொடரலாம் என்று போகிறார். டெஸ்ட் முடிவு: ஏ1. அதாவது, ஆரம்ப நிலை.

98 எப்படி ஏ1 ஆனது?

முதலில் அந்த 98 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நம்ம ஊர்ப்பக்கம் பிளஸ் ஒன்னில் பிரெஞ்சு எடுக்கும் பலருக்கு அதுதான் முதல் அறிமுகம். ‘போன்ஜூர்’ல இருந்து தொடங்கி இரண்டே வருடம். ‘தமிழ்ல எவ்வளவு எழுதினாலும் குறைப்பாங்க, பிரெஞ்சுன்னா அள்ளலாம்’ என்று சீனியர்கள் சொன்ன கணக்கு வேறு. பரீட்சையும் அதற்கேற்றபடி எழுத்துப் பரீட்சை. பத்தியைப் படித்துப் பதில் எழுது, கோடிட்ட இடத்தை நிரப்பு, வினைச்சொல்லை மாற்று. இதில் 98 வாங்குவது பொய் கிடையாது, உழைப்புதான். ஆனா அந்த உழைப்புல காதுக்கும் வாய்க்கும் பெரிசா வேலையே இல்லை.

பிரெஞ்சு மாதிரி ஒரு மொழியில இதோட விளைவு ரொம்ப மோசம். ‘அவன் பேசுகிறான்’, ‘அவர்கள் பேசுகிறார்கள்’ - இரண்டுக்கும் பிரெஞ்சில் எழுத்து வேறு வேறு. காதில் விழுவது மட்டும் ஒன்றே: ‘இல் பார்ல்’. ‘எனக்குத் தெரியாது’ என்பதைப் புத்தகத்தில் ‘ஜ ந சே பா’ என்று படித்திருப்பீர்கள். பாரிஸ் தெருவில் அது ‘ஷே பா’. இதைப் புரிந்துகொள்ள தமிழனை விடப் பொருத்தமான ஆள் உலகத்தில் இல்லை. ‘எனக்குத் தெரியவில்லை’ என்று பாடம் படித்துவிட்டு வந்த வெள்ளைக்காரரிடம் நம்ம டீக்கடைக்காரர் ‘தெர்ல சார்’ என்றால் அவர் முழிப்பார் இல்லையா? ஆடியோவைப் போட்டதும் நம்ம அரியூர் மாணவி முழிப்பதும் அதேதான்.

ஏ1, பி2... இது என்ன கணக்கு?

ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட அளவுகோல் இது. ஏ1-ல் தொடங்கி சி2 வரை ஆறு படிகள். ஏ1 என்றால் பெயர், ஊர், கடையில் விலை கேட்கிற அளவு. பி2 வந்தால்தான் வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்க முடியும். பிரெஞ்சு வழியில் டிகிரி படிக்கப் போகிறவர்களிடம் பிரான்ஸ் பல்கலைக்கழகங்கள் பொதுவாகக் கேட்பது இந்த பி2-வைத்தான். அதற்கான ‘டெல்ஃப்’ தேர்வைப் பாருங்கள். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25. மொத்தம் 50 எடுத்தால் பாஸ். ஆனால், எந்த ஒன்றிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. எழுத்தில் அள்ளிவிட்டுப் பேச்சில் வாயை மூடிக்கொண்டு வந்தால் கதை முடிந்தது.

காலேஜ்களில் வைக்கும் பிளேஸ்மென்ட் டெஸ்ட் பெரும்பாலும் இதைவிடச் சின்னது. சில இடங்களில் கம்ப்யூட்டரே கேள்வியை மாற்றும். சரியாகச் சொன்னால் அடுத்தது கஷ்டமாக வரும், தப்பாகச் சொன்னால் இறங்கும். நீங்கள் எந்த உயரத்தில் தடுமாறுகிறீர்களோ, அதுதான் உங்கள் படி. அதனால், ‘பாதி கேள்வி தெரியலையே’ என்று நடுவில் பதற வேண்டாம். எல்லோருக்கும் பாதி தெரியாமல் போவது மாதிரிதான் அதைச் செய்திருக்கிறார்கள்.

புதுச்சேரியில் மட்டும் நடக்கும் ஒரு வேடிக்கை

இதே வகுப்பில் பக்கத்து பெஞ்சில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். 1826-ல் தொடங்கிய பிரெஞ்சு லிசேயில் சின்ன வயசிலிருந்தே பிரெஞ்சிலேயே படித்தவர் ஒருவர். 1889 முதல் இங்கே இருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸில் சாயங்கால வகுப்பு போனவர் இன்னொருவர். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த ‘சொல்தா’ குடும்பத்துப் பிள்ளை மூன்றாமவர். வீட்டில் காதால் கேட்டே மொழி பழகியிருப்பார், ஆனால் ஒரு வரி எழுதச் சொன்னால் பத்து தப்பு. நாலாவது, நம்ம 98 மார்க்.

எல்லோர் கையிலும் ‘பிரெஞ்சு தெரியும்’ என்ற ஒரே அட்டை. டெஸ்ட் இல்லாமல் ஒரே ரூமில் போட்டால் என்ன ஆகும்? வாத்தியார் வேகமாகப் போகிறவர்களோடு போய்விடுவார். அரியூரிலிருந்து வந்த பொண்ணு கடைசி பெஞ்சுக்குப் போய், ‘எனக்கு மொழியே வராது போல’ என்று முடிவு கட்டிவிடும். அதனால் டெஸ்ட் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் எதில் என்றால், எந்த டெஸ்ட் என்பதில். வெறும் ‘சரியான விடையைத் தேர்ந்தெடு’ வகையில் இலக்கணத்தை மட்டும் கேட்டால், பேசத் தெரிந்த சொல்தா வீட்டுப் பையன் கீழே போவான். பேசவே தெரியாத 98 மேலே போகும். இரண்டு பேருக்கும் தப்பான வகுப்பு. மேலே போனவர் மூணாவது வாரம் மூழ்குவார், கீழே போனவர் ‘போன்ஜூர்’ கேட்டுத் தூங்குவார். ஐந்து நிமிஷம் நேரில் உட்கார வைத்துப் பேசச் சொன்னாலே இந்தக் குழப்பம் தீரும். அந்த ஐந்து நிமிஷத்துக்கு ஆள் போடுவதில்தான் நிர்வாகங்கள் கணக்குப் பார்க்கின்றன.

இப்போது ஏன் இது முக்கியம்?

கியூட் தேர்வில் 2025 முதல் மொழித்தாள்கள் 13 ஆகச் சுருங்கிவிட்டன. பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற வெளிநாட்டு மொழிகளுக்குத் தனித்தாள் போய்விட்டது. கைவிடப்பட்ட பாடங்களுக்குப் பொதுத் திறன் தாளின் மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆக, மொழி எவ்வளவு தெரியும் என்று வாசலில் யாரும் கேட்கப்போவதில்லை. அந்தக் கேள்வியை உள்ளே வந்த பிறகு கல்லூரிதான் கேட்டாக வேண்டும்.

இன்னொரு பக்கம், 2030-க்குள் 30,000 இந்திய மாணவர்கள் பிரான்ஸில் படிக்க வேண்டும் என்று அதிபர் மக்ரோன் 2024 குடியரசு தினத்துக்கு வந்தபோது அறிவித்தார். பிரெஞ்சு தெரியாதவர்களும் அங்கே போய் முதலில் மொழி கற்றுவிட்டுப் பிறகு டிகிரியில் சேரும் ‘சர்வதேச வகுப்புகள்’ திட்டமும் அதோடு வந்தது. போய் இறங்கினால் அங்கேயும் முதல் வாரம் டெஸ்ட்தான். ‘அதான் சர்டிபிகேட் காட்டினேனே, மறுபடி எதுக்கு?’ என்று கேட்காதீர்கள். டெல்ஃப் சான்றிதழ் வாழ்நாளுக்கும் செல்லும். மொழி அப்படி இல்லை, ரெண்டு வருஷம் தொடாமல் விட்டால் துருப்பிடிக்கும். அவர்கள் பார்ப்பது இன்றைய நிலையை.

சரி, உங்களுக்கு டெஸ்ட் வருதுன்னா என்ன செய்யலாம்? முந்தின நாள் ராத்திரி இலக்கணப் புத்தகத்தைப் புரட்டாதீங்க. ஒரு வாரம் முன்னாடியிருந்து தினமும் 20 நிமிஷம் பிரெஞ்சு ரேடியோவோ யூடியூபோ கேளுங்க, காது திறந்தா போதும். ஆன்லைன் டெஸ்ட்டுன்னா பக்கத்துல கூகுள் டிரான்ஸ்லேட்டைத் திறந்து வைக்கிற ஆசை வரும். வேணாம். மொபைல் வாங்கிக் கொடுத்த பி1 வகுப்புல போய் உட்காரப்போறது மொபைல் இல்லை, நீங்க. அதே மாதிரி, ‘கீழ் வகுப்புக்குப் போனா ஈஸியா கிரேடு வாங்கலாம்’னு வேணும்னே தப்பா எழுதுற புத்திசாலிகளும் இருக்காங்க. ரெண்டு வருஷமா எழுதின அதே பாடத்தை மூணாவது தடவையா எழுதுவாங்க, அவ்வளவுதான்.

முடிவு தப்புன்னு தோணினா முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே துறையில் போய் நேரில் பேசுங்க. வகுப்பு மாற்றிக்கொள்ள இடம் இருக்கிற காலம் அதுதான். அதுக்கப்புறம் வருகைப் பதிவு, இன்டர்னல் மார்க் எல்லாம் ஓட ஆரம்பிச்சிடும்.

அந்த அரியூர் மாணவி ஏ1 வகுப்புக்கே போகட்டும். எழுத்தும் இலக்கணமும் ஏற்கெனவே கையில் இருப்பதால், மற்றவர்கள் வினைச்சொல்லோடு மல்லுக்கட்டும் நேரத்தில் அவருக்கு மிச்சம் இருக்கிற வேலை ஒன்றே ஒன்று. காலையில் வில்லியனூர் தாண்டி பஸ் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது காதில் ஹெட்போனை மாட்டி, ‘ஷே பா’ என்று யாரோ சொல்வது எங்கே வருகிறது என்று பிடிப்பது.