துறைமுகத்தை வளர்ப்பது ஆழமல்ல, பின்னிலமே

பத்திரிகைத் தொழிலில் பல தசாப்தங்களைக் கழித்தவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகக் கூறமுடியும். இலங்கையில் ஆட்சி மாறுகின்ற ஒவ்வொரு தடவையும் திருகோணமலைத் துறைமுகம் செய்தித் தலைப்பாக மாறும். உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்ற வாக்கியம் மீண்டும் அச்சேறும். வரைபடங்கள் விரிக்கப்படும், தூதுக்குழுக்கள் வந்துபோகும். அந்த வரைபடங்களில் துறைமுகத்தைச் சுற்றி வாழும் மக்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்வி மாத்திரம் எழுப்பப்படுவதில்லை.

2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி கொழும்பில் இருந்தபோது, திருகோணமலையை எரிசக்தி மையமாக அபிவிருத்தி செய்வதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கையில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்று நாடுகளும் கைச்சாத்திட்டன. சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்னுற்பத்தித் திட்டமும் அதே நாளில் தொடக்கி வைக்கப்பட்டது. இவை நிறைவேறினால் நகரின் காணி விலை ஏறும். விடுதிகளும் வணிகக் கட்டடங்களும் எழும். நகரம் வளரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அது யாருடைய நிலத்தில், யாருக்காக வளரப்போகிறது என்பதே கேள்வி.

வரலாறு இதற்கு ஒரு பாடத்தை வைத்திருக்கிறது. இயற்கை தந்த ஆழமும் அரணும் திருகோணமலைக்கு இருந்தன. கொழும்புக்கு அவை இருக்கவில்லை. ஆயினும் பிரித்தானியர் 1875இல் அடிக்கல் நாட்டிக் கடலுக்குள் அலைதடுப்பு அணை கட்டி, நாட்டின் முதன்மைத் துறைமுகமாக ஆக்கியது கொழும்பையே. காரணம் எளிது. மலையகத்தின் பெருந்தோட்டங்களும், 1867இல் கண்டியை எட்டிவிட்ட ரயில் பாதையும் கொழும்பின் பின்னால் இருந்தன. திருகோணமலைக்கு ரயில் வந்ததோ 1927இல்தான். துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள விளைநிலம், வீதி, சந்தை, மக்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்ததையே பூகோளப் பாடநூல்கள் பின்னிலம் என்கின்றன. பின்னிலம் இல்லாத துறைமுகம் போர்க்கப்பல்களின் தங்குமிடமாக மாத்திரமே இருக்கமுடியும். 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்துச் செல்லும்வரை திருகோணமலை அப்படித்தான் இருந்தது.

சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்கள் இதற்குச் சாட்சி. பிரித்தானியர் விட்டுச்சென்ற 99 குதங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளளவு கொண்டவை. அவற்றை இரு நாடுகளும் கூட்டாகப் புனரமைப்பது பற்றி 1987 இந்திய - இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களிலேயே பேசப்பட்டது. 2003இல் அவை குத்தகைக்கு விடப்பட்டன. 2022 ஜனவரியில் மீண்டும் பங்கிடப்பட்டன: லங்கா ஐ.ஓ.சிக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, கூட்டு நிறுவனத்துக்கு 61. உடன்படிக்கைகள் பெருகின. ஆனால் குதங்களில் பெரும்பாலானவை காட்டுக்குள் துருப்பிடித்து நின்றதையே அந்த ஆண்டுகளெல்லாம் மக்கள் கண்டார்கள்.

இதைவிடக் கசப்பான அனுபவம் சம்பூர் மக்களுடையது. 2006இல் போரினால் துரத்தப்பட்ட அவர்களின் ஊர், 2007இல் உயர் பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. 2012இல் அதில் 818 ஏக்கர் கைத்தொழில் வலயத்துக்கென முதலீட்டுச் சபையின் பொறுப்பில் விடப்பட்டது. காணியின் உரிமையாளர்கள் அப்போது தற்காலிக முகாம்களில் இருந்தார்கள். 2015இல் ஆட்சி மாறிய பின்னரே அந்த வர்த்தமானி அறிவித்தல் இரத்துச் செய்யப்பட்டது. கடற்படை வைத்திருந்த 237 ஏக்கர் 2016இல்தான் திரும்பக் கிடைத்தது. அங்கு வரவிருந்த 500 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையமும் அதே ஆண்டில் கைவிடப்பட்டது. பத்து ஆண்டுகளில் அபிவிருத்தியின் பெயரால் அந்த மக்களுக்குக் கிடைத்தது என்ன? தமது சொந்தக் காணியைத் திரும்பப் பெறும் போராட்டம் ஒன்றே.

அபிவிருத்தியை எதிர்ப்பவனாக என்னை எவரும் கருதவேண்டாம். சீனன்குடாவின் மாவு ஆலையும் சீமெந்து ஆலையும் பலருக்குச் சோறு போடுகின்றன. வேலை தேடி வெளிநாடு செல்லும் இளைஞர்களைப் பெற்ற ஊருக்கு முதலீடு அவசியம். ஆனால் முதலீட்டுக்கு முன்னர் நம்பிக்கை வேண்டும். 2006 ஏப்ரல் 12ஆம் திகதி திருகோணமலைச் சந்தையில் குண்டு வெடித்ததும், அதைத் தொடர்ந்த வன்முறையில் தமிழ் வர்த்தகர்களின் கடைகள் எரிக்கப்பட்டதும் அந்த நகரின் நினைவிலிருந்து எளிதில் அகலக்கூடியவை அல்ல. புதிய வணிகக் கட்டடத்தின் பளபளப்பு அந்த அச்சத்தைப் போக்காது. சட்டம் தந்த உரிமை கையில் இருந்தால்தான் அது போகும்.

அந்த உரிமை ஏட்டில் இருக்கிறது. 13ஆவது திருத்தம் காணி அதிகாரத்தை மாகாணங்களுக்கு வழங்கியது; தேசியக் காணி ஆணைக்குழு ஒன்றையும் அமைக்கச் சொன்னது. அந்த ஆணைக்குழு இன்றுவரை அமைக்கப்படவில்லை. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்து எட்டு ஆண்டுகள் கடந்தும் தேர்தல் நடத்தப்படவில்லை. மாகாணத்தின் தலைநகரான திருகோணமலையின் எதிர்காலத்தைக் கொழும்பும் புதுடில்லியும் அபுதாபியும் பேசுகின்றன. அந்த மண்ணின் மக்கள் தெரிவுசெய்த மாகாண சபைக்கோ அந்த மேசையில் ஆசனமே இல்லை.

எனவே செய்யவேண்டியவை மூன்று. குத்தகை ஒப்பந்தங்களில் கையெழுத்திடுமுன் காணிகளின் உரிமை தீர்க்கப்பட்டுப் பகிரங்கமாக வெளியிடப்படவேண்டும். குத்தகை வருமானத்தில் ஒரு பங்கு உள்ளூராட்சி மன்றங்களுக்குச் சட்டப்படி சேரவேண்டும். மீனவரின் தோணித் துறைகளும் விவசாயியின் வயலும் சிறு வியாபாரியின் கடையும் திட்ட வரைபடத்தில் முதலில் குறிக்கப்படவேண்டும். எஞ்சிய இடத்திலேயே மற்றவை வரவேண்டும்.

இவையெல்லாம் முதலீட்டாளரை விரட்டிவிடும் என்று சொல்வோர் உண்டு. தகராறுள்ள காணியில் பணத்தைப் போட்ட முதலீட்டாளர் பட்ட பாட்டைச் சம்பூர் காட்டியிருக்கிறது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூவின மக்களும் வாழும் திருகோணமலையில் அவர்களே துறைமுகத்தின் பின்னிலம். அவர்களை அப்புறப்படுத்திவிட்டுக் கட்டப்படும் துறைமுகநகரம், எவ்வளவு ஆழமான நீரை எதிரே கொண்டிருந்தாலும், கரைதட்டிய கப்பலாகவே நிற்கும்.