போத்தலில் இருந்தது பச்சைத் தண்ணீரல்ல



மார்க்கம் பேச வேண்டிய பக்கத்தில் இந்த மௌலவி ஏன் கார் இஞ்சினைத் திறந்துகொண்டு நிற்கிறார் என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் நடந்ததைச் சொன்னால் கோபிக்க மாட்டீர்கள்.

கொச்சிக்கடையில் எங்கள் ஒழுங்கையில் வாசற்படியை அடுத்துக் கான், கானை அடுத்து வண்டி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனைக்கான கார்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடத்தில், இருக்கிற வண்டியை எப்படியாவது காப்பாற்றிக்கொள்ளும் பழக்கம் எல்லோருக்கும் வந்துவிட்டது. பஞ்சிகாவத்தையில் சாமான் வாங்கி வந்து வாசலிலேயே வேலையை முடிக்கிறார்கள். என் மச்சானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேடியேட்டர் தண்ணீரை மாற்றினார். வடித்தெடுத்த பழைய தண்ணீர் இளம் பச்சை நிறம். கையில் அகப்பட்ட ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் அதை ஊற்றி, "பிறகு வீசலாம்" என்று சமையலறை வாசலில் வைத்தார். நானும் பார்த்தேன்; ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் ளுஹருக்குப் பள்ளிக்குப் போய்விட்டோம்.

திரும்பி வந்தபோது என் சின்ன மகள் அந்த மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "வாப்பா, சோடா திறந்து தாங்க" என்றாள். நம் நாட்டில் கிரீம் சோடாவும் பச்சைதானே! மூடி இறுகிக் கிடந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

அந்தத் தண்ணீர் என்ன? கூலன்ட் என்கிறோமே, அதில் பெரும்பாலும் பாதி தண்ணீர், பாதி எதிலீன் கிளைகோல் என்ற திரவம். குளிர் நாடுகளில் ரேடியேட்டர் உறையாமலிருக்க அதை ஊற்றுகிறார்கள். கொழும்பு வெயிலில் நமக்கு எதற்கு, பைப் தண்ணீர் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. கூலன்ட் கொதிநிலையை உயர்த்துகிறது. அதைவிட முக்கியம், அதில் சேர்த்திருக்கும் துருத்தடுப்பு மருந்துகள் இஞ்சினின் அலுமினியத்தையும் தண்ணீர்ப் பம்பையும் காக்கின்றன. வெறும் பைப் தண்ணீர் உள்ளே துருவையும் உப்புப் படிவையும் உண்டாக்கும். அடியில் கல் படிந்த கேத்தலைப் பார்த்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த மருந்துகள் காலப்போக்கில் தீர்ந்துவிடுவதால்தான் பழையதை வடித்து மாற்ற வேண்டியிருக்கிறது. பழைய பச்சை வகைக்குப் பொதுவாக இரண்டு வருடம். டொயோட்டாவின் இளஞ்சிவப்பு வகைக்கு முதல் மாற்றம் 160,000 கிலோமீற்றரில், பிறகு ஒவ்வொரு 80,000 கிலோமீற்றருக்கும் ஒருமுறை. நிறத்தை மட்டும் நம்பி ஒன்றோடொன்று கலக்காதீர்கள். நிறத்துக்குப் பொது விதி கிடையாது. வண்டியோடு வந்த கைநூலில் சொன்ன வகையே சரி.

வேலையை வீட்டில் செய்தால், இஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறப்பது, அடுப்பிலிருந்து இறக்கிய பிரஷர் குக்கரை ஆவி போகுமுன் திறப்பதற்குச் சமம். உள்ளே அழுத்தத்தால் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கி நிற்கும் தண்ணீர், மூடி தளர்ந்த கணமே கொதித்துச் சீறி முகத்தில் பாயும். ஆறிய பின் அடியில் அகலமான பாத்திரம் வைத்துக் கீழ்த் திருகைத் திறந்து வடிக்க வேண்டும். அந்தப் பாத்திரம் சமையலறையுடையதாகவும் இருக்கக் கூடாது, ஒளுச் செய்யும் வாளியாகவும் இருக்கக் கூடாது. பிறகு சுத்தமான தண்ணீர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இஞ்சினை ஓடவிட வேண்டும். தர்மோஸ்டாட் திறந்து மேல் குழாய் சூடானால் தண்ணீர் எல்லா இடமும் சுற்றிவிட்டது என்று பொருள். மறுபடி ஆறவிட்டு வடிக்க வேண்டும். தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று முறை இப்படி. கடைசியில் கலந்து விற்கும் கூலன்டையோ, தனிக் கூலன்டோடு பற்றரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரைப் பாதிக்குப் பாதி சேர்த்தோ ஊற்றி, காற்றுக் குமிழ் போகும்வரை ஓடவிட்டு, ஆறியதும் குறைந்ததை நிரப்ப வேண்டும். ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் கவனம்: பலவற்றில் இன்வர்ட்டருக்கென்று தனித் தொட்டி உண்டு. அதைக் கராஜில் கொடுப்பதே நல்லது.

இவ்வளவும் ஆண்கள் அறிந்திருப்பார்கள். அவர்கள் நினைத்துப் பார்க்காதது, வடித்த தண்ணீர் எங்கே போகிறது என்பதைத்தான்.

எதிலீன் கிளைகோல் இனிக்கும். கலக்காத கூலன்ட் ஒரு தேக்கரண்டி ஒரு பூனையைக் கொல்லப் போதும். சிறு பிள்ளைக்குச் சில வாய். குடித்தவுடன் பிள்ளை தள்ளாடும், வாந்தியெடுக்கும், தூங்கி விழும். வெயில் பட்டிருக்கும் என்று படுக்க வைத்துவிடுவோம். அதற்குள் ஈரல் அதை உடைத்து அமிலமாக்க, ஒன்றிரண்டு நாளில் சிறுநீரகத்தில் படிகங்கள் அடைத்து அது நின்றுபோகும். 2022இல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள் மௌத்தானதும், 2025இல் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் மௌத்தானதும் இருமல் பாணியில் இந்த நஞ்சோ இதன் உறவுப் பொருளான டைஎதிலீன் கிளைகோலோ கலந்திருந்ததால்தான்.

பிள்ளை குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும், அடையாளம் தெரியும்வரை காத்திராதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், அல்லது அந்தப் போத்தலையும் கையிலெடுத்துக்கொண்டு பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

அங்கே ஒரு விஷயம் உங்களைத் திகைக்க வைக்கலாம். இந்த நஞ்சுக்கு ஃபோமெபிசோல் என்ற முறிவு மருந்து உண்டு. விலை மிக அதிகம், எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. அது இல்லாதபோது வைத்தியர்கள் கொடுப்பது எதனோல், அதாவது மதுசாரம்! ஈரலுக்கு மதுசாரத்தை உடைக்கும் வேலை வந்தால், நஞ்சை உடைப்பதைத் தள்ளிப்போடுமாம். அந்த இடைவெளியில் இரத்தத்தைச் சுத்திகரித்து உயிரைக் காப்பாற்றுகிறார்கள். "ஹராமாச்சே" என்று ஒரு தாய் கையைத் தட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நம் ஷாஃபிஈ மத்ஹபில் மதுவை மருந்தாக அருந்துவதில் கடுமை உண்டு, உண்மைதான். ஆனால் தொண்டையில் கவளம் அடைத்து, வேறு நீரும் இல்லாதபோது அதைக்கொண்டு விழுங்கி உயிர் பிழைக்க அனுமதித்ததும் அதே ஃபிக்ஹ் நூல்கள்தான். நிர்ப்பந்தத்தின் சட்டத்தை அல்பகரா அத்தியாயத்தின் 173ஆம் வசனத்தில் பாருங்கள். கொடுப்பது வைத்தியர், அளவும் அவருடையது. வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

இனிப் பூனைகள். அபூ கதாதா (ரலி) ஒளுச் செய்ய மருமகள் கப்ஷா தண்ணீர் கொண்டுவந்தபோது, அருகே வந்த பூனை குடிக்கட்டும் என்று அவர் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்த செய்தியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நாமோ கானோரத்தில் இனிப்பு நஞ்சைத் தேங்கவிட்டுப் போகிறோம். எங்கள் ஒழுங்கையில் மழையில்லாத நாளில் பூனை குடிப்பது அங்கேதான். இதையும் சேர்த்துத்தான் பாதையில் தொல்லை தருவதை அகற்றச் சொல்லியிருக்கிறது என்று என் மாணவர்களுக்குச் சொன்னேன். ஒரு பையன் உடனே, "உஸ்தாத், உங்க வீட்டுப் போத்தல் எங்கே?" என்று கேட்டான். செய்தி மத்ரஸா வரை போயிருந்தது!

அந்தப் போத்தலைப் பிறகு இப்படிச் செய்தோம். புதுக் கூலன்ட் வந்த வெறுங்கேனில் பழையதை ஊற்றி, மூடியை இறுக்கி, தமிழிலும் சிங்களத்திலும் "நஞ்சு" என்று எழுதினோம். பழைய எஞ்சின் ஒயிலோடு கலக்கவில்லை. வாசலில் சிந்தியிருந்த இடத்தில் மணலைப் போட்டு ஊறவைத்து அள்ளிப் பையில் கட்டினாள் மனைவி. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது நேரே கானுக்குத்தான் போகும் என்று எனக்குச் சொன்னவளே அவள்தான். கேனையும் பையையும் சுமந்துகொண்டு மச்சானும் நானும் ஒரு சர்விஸ் நிலையத்துக்குப் போனோம். எடுக்க மாட்டோம் என்றார்கள். இரண்டாவது இடத்தில், அங்கே சேரும் பழைய கூலன்டோடு வைப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். அந்தச் சோடாப் போத்தலை அவள் கத்தியால் இரண்டாக வெட்டித்தான் குப்பையில் போட்டாள்.